பிரதமர் பேரைக் கேட்கிற உத்தியோகம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "பிரதமர் பேரைக் கேட்கிற வேலை" என்று சொல்வேன். அதில் பொய் இல்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, நரம்பு மருத்துவர் ஒருவரின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மறதி என்று வருகிறவர்களை அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் உட்காரவைத்து, ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு முப்பது மதிப்பெண்ணுக்குக் கேள்வி கேட்பேன். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள், நான் சொன்ன மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். கடைசியாக, நம் நாட்டின் பிரதமர் யார், அவருக்கு முன்னால் யார், முதல் பிரதமர் யார்.

மற்ற கேள்விகளுக்கு மூளையிலிருந்து பதில் வரும். பிரதமர் கேள்விக்கு மட்டும் வயிற்றிலிருந்து வரும்.

"அது எதுக்குத் தாயி? ஓட்டு ரகசியம்ல" என்று வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. "யாரா இருந்தா என்ன, எங்க தெருக் குழாயில தண்ணி வரல" என்று என்னிடமே மனு கொடுத்த அம்மா ஒருத்தி உண்டு. ஒருவர் பதவி போய் எத்தனையோ வருடமான ஒரு தலைவரின் பெயரைச் சொன்னார். "அவரு இப்ப இல்லையேய்யா" என்றேன். "தெரியும். ஆனா அவரத்தான் நான் ஒத்துக்கிருவேன்" என்றார். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? மருத்துவர் தப்பு என்றார். அது மறதி இல்லை, கோபம் என்று நான் வாதாடி அரை மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று சொல் விஷயத்திலும் இதே கூத்துதான். கொய்யா, குடை, சாவி என்று நான் வைத்திருந்தேன். ஆயக்குடியிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர், "கொய்யான்னா வெள்ளையா, சிவப்பா?" என்று கேட்டார். எதுவானாலும் சரி என்றேன். அது எப்படி எதுவானாலும் சரியாகும் என்று பத்து நிமிடம் விளக்கினார். குடையும் சாவியும் எங்கே போயின என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் இயல்பிலேயே சிரிப்புக்காரி. சாவு வீட்டில்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்காருகிற ஜாதி. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஆனால் நோயாளிகள் என்னிடம் பயப்படுவதில்லை என்பதால் வைத்திருக்கிறார். இந்தத் தாளைப் பற்றி எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. நாட்டை ஆள்கிறவரின் பெயர் நமக்குத் தெரியாவிட்டால் அதற்கு மறதி என்று பெயர். நம் பெயர் அவருக்குத் தெரியாவிட்டால் அதைக் கேட்க ஒரு தாளும் கிடையாது.

இந்தக் குறையைப் பல வருடமாக நான் தனியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் தொலைக்காட்சி முழுக்க அதே பேச்சு. எங்கோ கடல் கடந்த ஒரு பெரிய நாட்டின் வயதான அதிபர், மேடையில் நின்று ஒரு பெயருக்குப் பதில் இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டாராம். அவருக்கு மூளை சரியாக இருக்கிறதா, பரிசோதித்தார்களா, எத்தனை மதிப்பெண் என்று உலகமே கேட்டது. திரையில் காட்டினார்கள் பாருங்கள், அதே கடிகாரம், அதே ஏழு ஏழாகக் கழிக்கிற கணக்கு! என் தாள்! காத்திருக்கும் கூடத்தில் நின்றுகொண்டிருந்த நான் துள்ளிக் குதித்துவிட்டேன். "இது நான் கேக்கிறது! இது நான் கேக்கிறது!" என்று கத்தினேன். உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் என்னைப் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் பரிசோதித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த பங்குச் சாமியாரை மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் மடக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே கழித்தார், எழுபத்தொன்பதில் தடுக்கி விழுந்தார். டீக்கடை மாஸ்டர் முப்பதுக்கு முப்பது வாங்கினார். அன்றிலிருந்து எனக்கு டீயில் சர்க்கரை அதிகம்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். நூறிலிருந்து ஏழு ஏழாக மூச்சு விடாமல் கழித்து, பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் ஐந்து வரைக்கும் வந்து நின்றார். ஆனால் மூன்று சொல்லில் ஒன்றை விட்டுவிட்டார்.

"சாவிய மறந்துட்டீங்க" என்றேன்.

"சாவிய நான் தினம் மறக்கிறதுதானே. உனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

அன்று சாப்பிடும்போது நான் பெரிய பிரசங்கம் செய்தேன். அந்த அதிபரைக்கூட நான் குற்றம் சொல்ல மாட்டேன், வயதானால் யாருக்கும் வரும். அவரைச் சுற்றி இருக்கிறார்களே, உதவியாளர்கள், வீட்டு மனிதர்கள், அவர்களைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் காதில் ஓதி ஓதி நாட்டையே ஏமாற்றுவது என்ன நியாயம்? என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "நீ பக்கத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

"அந்த நிமிசமே ஊரக் கூட்டிச் சொல்லிருவேன்" என்றேன். சொன்னதோடு இல்லாமல் தட்டிலும் ஒரு தட்டுத் தட்டினேன்.

இந்தப் பிரசங்கம் நடந்து பத்து நாள் இருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அங்கே காய்கறி மண்டிக்காரர்கள் சங்கம் ஒன்றின் தலைவர். எழுபத்தெட்டு வயது, வெள்ளை வெளேரென்று சட்டை, அதில் கஞ்சி போட்டு நிமிர்ந்து நின்ற காலர். இன்னொருவர் அவர் மனைவி, ஒல்லியான அம்மா, எதையும் இரண்டு முறை பார்க்காமல் ஒரே முறையில் பார்த்துவிடுகிற கண். மூன்றாவது ஆள் சங்கத்தின் செயலாளர், நடுவயதுக்காரர். வந்த காரணத்தை அவர்தான் சொன்னார், சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். டிவியில அந்த அதிபர் விசயம் வந்துச்சில்லீங்க? அதப் பாத்துட்டு நம்ம சங்கத்துல ஒரு தீர்மானம் போட்டுட்டாங்க. தலைவருக்கு நெனப்பு நல்லா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரோணுமாங்க. அம்மாம் பெரிய நாட்டுலயே கேக்கறாங்க, நாம கேட்டா என்னன்னு ஒரு கோஷ்டி."

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மேடையில் ஒரு அதிபர் தடுமாறினால் ஒட்டன்சத்திரத்தில் தீர்மானம்! உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்தக் கோஷ்டிக்கு இவர் மேல் என்ன கோபம் என்று விசாரித்தேன்.

அதையும் சொன்னார். கேரளாவுக்குப் போகும் லாரிகளில் எது முதலில் புறப்படுவது என்பதில் எப்போதும் சண்டை. பெரிய மண்டிக்காரர்களின் லாரிதான் முன்னால் போகும். போன ஓணத்துக்கு முந்தின வாரம் தலைவர் ஒரே போடாகப் போட்டுவிட்டாராம். யார் லாரி என்று பார்க்கக் கூடாது, எந்தக் காய் சீக்கிரம் கெடுமோ அந்த லாரி முதலில். தக்காளி முதலில், பூசணி கடைசியில். அந்த வருடம் வழியில் அழுகியது என்று ஒரு புகார் வரவில்லை. ஆனால் முன்வரிசை பறிபோனவர்களுக்கு மனது ஆறவில்லை.

"அந்த மாதிரி ஒரு யோசனை இத்தன வருசத்துல யாருக்கும் வந்ததில்லீங்க. அவரப் போயி மூளை சரியில்லன்னு சொல்றாங்க" என்று செயலாளர் வருத்தப்பட்டார். தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அருமையான சிரிப்பு. சுவரொட்டியில் போடலாம்.

பரிசோதனை அறைக்குள் வீட்டு மனிதர்களை விடக் கூடாது என்பது விதி. "இவருக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க, நா பக்கத்துல இருந்து எடுத்துச் சொல்றனுங்க" என்று அந்த அம்மா கேட்டார். நான் ஏற்கனவே அந்தத் தக்காளித் தீர்ப்பில் மயங்கிக் கிடந்தேன். வாங்க என்றுவிட்டேன். அறையில் ஏசி குளிர்கிறது என்று, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த அம்மா இருவர் மடியிலும் விரித்துக்கொண்டார். செயலாளர் வெளியே கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

செத்த நேரம் யோசித்தார். "அஞ்சாவது நாளுங்க."

ஞாயிறிலிருந்து எண்ணினேன். வியாழன். சரிதான்.

"என்ன மாசம்?"

"எட்டாவதுங்க."

"தேதி?"

டாண் என்று சொன்னார். "இது எந்த ஊருங்கய்யா?" என்றேன். தலையைச் சாய்த்து, எதையோ உன்னிப்பாகக் கேட்பவர் போல இருந்துவிட்டு, "அம்பத்தேழுங்க" என்றார்.

நான் சிரித்தே விட்டேன். திண்டுக்கல் வண்டிகளின் பதிவு எண் ஐம்பத்தேழு. லாரிக்காரர்களோடு காலம் தள்ளியவர் ஊரை நம்பரில் சொல்லுகிறார்! இப்படி ஒரு பதிலை இந்த அறை கேட்டதில்லை. முழு மதிப்பெண் போட்டேன். நூறிலிருந்து கழிக்கச் சொன்னால் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஒரு பிசகு இல்லாமல் இறங்கினார். என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது. துண்டு மட்டும் அவ்வப்போது அசைந்தது. கை நடுக்கம் உண்டு என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். பார்க்கின்சனாக இருக்குமோ என்று மருத்துவருக்கு ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

கடிகாரம் வரையச் சொன்னேன். வட்டத்தைப் போட்டுவிட்டு, பன்னிரண்டு எண்ணையும் வலது பக்கமே அடுக்கிவிட்டார். இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வேறு யாராவது அப்படி வரைந்திருந்தால் எனக்கு அடுத்த நிமிடமே பொறி தட்டியிருக்கும். நானோ, மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார் போல என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று சொல்லில் ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கே ஒன்று வரவில்லையே என்று அதையும் தள்ளினேன். ஒருவரைப் பிடித்துப்போனால் கண் எப்படி மூடிக்கொள்கிறது என்று அன்றுதான் கண்டேன். வாக்காளர்களை நான் இனிமேல் திட்ட மாட்டேன்.

கடைசியில் என் பிரியமான கேள்விக்கு வந்தேன். இப்போதைய பிரதமர் யார் என்றதற்கு, "அவுரு நல்லா இருக்கட்டுமுங்க" என்று நழுவினார். இது வழக்கமான நழுவல்தான். "சரி, முதல் பிரதமர் யாருங்கய்யா?"

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், தாடையால் அவரைக் காட்டினார்.

"இவுருதானுங்க" என்றார்.

"யாரு?"

"இவுருதானுங்க. இவுரு பேருதானுங்க."

கணவர் நாட்டின் முதல் பிரதமர் என்கிறார் மனைவி. இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தாள் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, மேஜையிலிருந்த பதிவுச் சீட்டைப் புரட்டினேன். அப்புறம்தான் புரிந்தது. நாட்டுக்கு விடுதலை கிடைத்த சூட்டோடு பிறந்த பிள்ளை. அவர் அப்பா ஆசையாக அந்தப் பெயரையே வைத்திருக்கிறார். இந்த அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கத்தில் வளர்ந்தவர். பதில் தெரியும், சொல்ல முடியாது! எனக்கு வந்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பெண்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு மதிப்பெண்ணை இழந்தார்களோ!

சரி, அவரே சொல்லட்டும், ஒரு துப்புக் கொடுப்போம் என்று உற்சாகமாகக் கேட்டேன்: "ஐயா, உங்க பேர் என்ன?"

அதே அருமையான சிரிப்போடு, "தலைவருங்க" என்றார்.

"அது பதவிங்கய்யா. பேரு?"

"தலைவருங்க."

"வீட்ல வச்ச பேரு?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. துண்டைப் பார்த்தார். அந்த அம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது. துண்டுக்குள் அவர் கையை முழுசாக இறுக்கிப் பிடித்துக்கொண்டது வெளியிலேயே தெரிந்தது. அவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து நம்பிக்கையோடு சொன்னார்.

"அஞ்சுங்க."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

நான் எழுந்து போய் துண்டை எடுத்தேன். அவருடைய இடது கை அந்த அம்மாவின் இரண்டு கைக்குள் இருந்தது. அந்த அம்மா மறைக்கவில்லை.

"எங்கப்பா மாட்டுத் தரகருங்க" என்றார். "சந்தையில துண்டுக்குள்ள கைய உட்டுத்தான வெல பேசுவாங்க. ஒரு வெரலப் புடிச்சா ஒண்ணு, முழுக் கையப் புடிச்சா அஞ்சு, மணிக்கட்டப் புடிச்சா பத்து. சின்னப்பவே எனக்குப் பழக்கம். கண்ணாலம் ஆன புதுசுல இவருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தனுங்க. ஆளுக முன்னால ஒண்ணு கேக்கோணும்னா இப்படித்தான் கேட்டுக்குவோம். வெளையாட்டா வச்சிருந்தமுங்க. இப்ப ரெண்டு வருசமா இது இல்லீன்னா இவருக்கு ஒண்ணும் நடக்காதுங்க."

"அப்ப அந்தத் தக்காளி லாரி?"

"வீட்டுல எந்தக் காய மொதல்ல ஆக்குவோமோ அதுதானுங்களே மொதல்ல போகோணும்? சங்கத்துல எது கேட்டாலும், ஊட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றேம்பாருங்க. வந்து எங்கிட்டச் சொல்றது பாதி, நா போன்ல விசாரிக்கறது பாதி. அடுத்த நாள் சொல்றத ஒரு நம்பராச் சொல்லி அனுப்புவனுங்க. மொத லாரி, ரெண்டாவது லாரின்னு."

இரண்டு வருடமாக அந்தச் சந்தை ஒரு சமையலறையிலிருந்து நடந்திருக்கிறது, ஒரு குறை இல்லாமல்! வேறொரு நாளாக இருந்தால் நான் எழுந்து ஆடியிருப்பேன். ஆனால் கையில் தாள் இருந்தது. பக்கத்திலிருந்து காதில் ஓதுகிறவர்களைப் பற்றித் தட்டைத் தட்டிப் பிரசங்கம் செய்தவள் நான். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அந்த நிமிடம் இதுதான். ஊரும் தொலைவில் இல்லை, செயலாளர் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"ஏம்மா இப்படி மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பதவிக்கா மறைச்சேன்? காலைல அந்த வெள்ளச் சட்டைய எடுத்துக் காமிச்சாத்தானுங்க எந்திரிக்கறாரு. மார்க்கெட்டுக்குப் போகோணும், தலைவரேன்னு நாலு பேரு கூப்புடோணும். ஒரு வாரம் லீவு உட்டப்ப கட்டில உட்டு எறங்கலீங்க. அத எடுத்துட்டா இவரு படுத்துருவாருங்க. அந்தப் பயந்தானுங்க." கணவர் பக்கம் திரும்பி, "ஆனா பேரு போனது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது" என்றார்.

எப்படித் தெரியும்? சந்தையில் எல்லாருக்கும் தலைவர். பிள்ளைகளுக்கு அப்பா. பேரப்பிள்ளைகளுக்கு அப்பாரு. மனைவிக்கு ஏனுங்க. அந்தப் பெயரை எடுத்து அவரைக் கூப்பிட உலகத்தில் ஒரு ஆள் இல்லை. புழங்காத அறை மாதிரி அது பூட்டிக் கிடந்திருக்கிறது.

அந்த அம்மா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார், யாராவது கேட்டுவிடுவார்களோ என்பது போல. பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். முதலில் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் வாய்க்குள் வராத சொல். இரண்டாவது முறை வந்தது. கரகரவென்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பது போல, முழுசாக.

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏம் புள்ள, கூப்புட்டயா?"

"ஆமாங்க."

"எங்கம்மா கூப்புட்டாப்புல இருந்துச்சு" என்றார். முகத்தில் சுவரொட்டிச் சிரிப்பு போய், வேறு ஒரு சிரிப்பு வந்திருந்தது. அதில் பாதிப் பல்தான் தெரிந்தது, ஆனால் நிஜமான சிரிப்பு. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார், சிரித்தார், மறுபடி துடைத்தார். நானும் அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிப் பஞ்சில் துடைத்துக்கொண்டேன்.

"எழுதிருங்கம்மா" என்றார் அந்த அம்மா.

"யோசிச்சுச் சொல்லுங்க. பதவி போயிரும்."

"யோசிக்கறதுதானுங்களே ரெண்டு வருசமா என் வேல. தலைவரு தலைவருன்னு நானும் சேந்து கூப்புட்டு, எங்கூட்டுக்காரரத் தொலைச்சுப்புட்டனுங்க. எழுதிருங்க."

கைகளை மேஜை மேல் வைக்கச் சொல்லி, முதலிலிருந்து எல்லாக் கேள்வியும் மறுபடி கேட்டேன். பாதிகூடத் தேறவில்லை. அப்படியே எழுதினேன். நடுக்கம் என்று குறித்ததையும் கேள்விக்குறியையும் அடித்தேன். மருத்துவர் பார்த்தார், மாத்திரை எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அந்த அம்மா செயலாளரிடம் நேராகச் சொன்னார்: "தம்பி, இனிமே தலைவரு வரமாட்டாரு. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுங்க."

அந்த மனிதர் கையைப் பிசைந்தார். "அக்கா, ஓணம் வருதுங்களே. லாரி வரிசைய யாரு சொல்லுவாங்க?"

"போனப் போடுங்க. எடுப்பேன்."

மூவரும் படி இறங்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரி மாடிப்படி குறுகலானது, ஒரு திருப்பத்தில் இருட்டாகவும் இருக்கும். அங்கிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. அவர் பெயரைச் சொல்லி, "படி இருக்குதுங்க, பாத்து" என்றார். கீழே போய் மறுபடி பெயர், "செருப்பப் போடுங்க". தெருவில் மறுபடி பெயர், "வண்டி வருது, ஓரமா வாங்க". விசிலடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை மாதிரி நிறுத்த முடியவில்லை அவருக்கு. மருந்துக் கடையில் நின்றவர்கள், எந்தத் தலைவர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்களாம். நான் ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊரக் கூட்டிச் சொல்லலையா?" என்று கேட்டார். "அந்தம்மாவே சொல்லிட்டாங்க" என்றேன். நான் தட்டைத் தட்டவில்லை. அவர் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை இல்லை, கட்டம் போட்ட சட்டை. படுக்கையில் விழவில்லை. காலையில் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் எழுந்துவிடுகிறாராம். அந்த அம்மா இந்த முறை விதிப்படி வெளியே உட்கார்ந்தார். உட்காருவதற்குள் போன் வந்துவிட்டது, கத்தரிக்காய் லாரியைப் பற்றி.

அவருடைய மதிப்பெண் இன்னும் கீழே போயிருந்தது. கிழமை வரவில்லை, ஊர் வரவில்லை, தொண்ணூற்று மூன்றுக்கு மேல் கணக்கு நகரவில்லை. கடிகாரத்துக்கு வட்டம்கூடச் சேரவில்லை. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் வேலை வேலைதான்.

"ஐயா, உங்க பேரு?"

கேள்வியை முடிக்க விடவில்லை. இனிஷியலோடு, வகுப்பில் ஆஜர் சொல்வது போலச் சொன்னார். என் தாளில் சொந்தப் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த கேள்விக்குப் போனேன்.

"நம்ம நாட்டோட முதல் பிரதமர் யாருங்கய்யா?"

அவர் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, பாதிப் பல் தெரியச் சிரித்தார்.

"நாந்தானுங்க."

முழு மதிப்பெண் போட்டேன்.